14 அடி ரேஸ் போர்டு: உப்பங்கழிக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று வாங்கத்தான் வேண்டுமா?

கழிமுகம்:

நின்றுகொண்டு துடுப்புப் போடும் ‘சப்’ பந்தயத்துக்கு ஒரு ரேஸ் போர்டு வாங்கும் அளவுக்குக் காசு சேர்ந்திருக்கிறது. ஒன்றுதான், இரண்டு முடியாது. என் எடை 68 கிலோ. பயிற்சி சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு உப்பங்கழியில், போட்டியெல்லாம் கடலில். இதுவரை மூன்று வகை ஓட்டிப் பார்த்தாயிற்று. கிளப்பில் கிடக்கும் 14 அடி, 21.5 அங்குல அகலமுள்ள தட்டைநீர் போர்டு, அதாவது அலையில்லாத நீருக்கானது. நண்பர் ஒருவரின் 24.5 அங்குல ‘ஆல் வாட்டர்’, எல்லா வகை நீருக்குமானது. அப்புறம் என்னுடைய பழைய காற்றடைத்த 26 அங்குலம்.

காலையில் காற்று எழும்புவதற்கு முன் உப்பங்கழியில் 21.5 தான் முன்னால் போகிறது, சந்தேகமே இல்லை. ஆனால் பக்கத்துக் கோவளம் கடலில் அதே போர்டு 24.5-ஐ விட மெதுவாகப் போகிறது. ஜி.பி.எஸ். கடிகாரத்தைப் பார்த்தால் காற்றடைத்ததற்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். விற்பவர்கள் எல்லாப் போர்டையுமே வேகமானது என்றுதான் எழுதுகிறார்கள். எந்தத் தண்ணீரில் எது ஓடும் என்று ஓட்டியவர்கள் சொல்லுங்கள். பிராண்டு சண்டை மட்டும் வேண்டாம்.

கார்பன்பைத்தியம்:

21.5 வாங்குங்க. உடம்பு தானாகப் பழகிக்கும். குறுகலா இருந்தா வேகம், அவ்வளவுதான் விஷயம்.

நீவாடு:

அவ்வளவுதான் விஷயம் என்றால் எல்லாரும் 18 அங்குலத்தில் நின்றுகொண்டிருப்போமே தம்பி.

முதலில் நீளம். தண்ணீரைக் கிழித்துப் போகும் எந்த ஓடமும் தனக்கென்று ஓர் அலையை எழுப்பிக்கொண்டு போகிறது. முன்னால் ஒரு முகடு, பின்னால் ஒரு முகடு. அந்த அலையின் நீளம் ஓடத்தின் நீர்மட்ட நீளத்தை எட்டும் வேகத்துக்கு மேல் ஒவ்வொரு அரை கிலோமீட்டர் வேகத்துக்கும் செலவாகும் பலம் கடுமையாக ஏறும். கப்பல்காரர்கள் வைத்திருக்கும் பழைய கணக்கு இது: நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் வேகம் ‘நாட்’ கணக்கில், அதாவது மணிக்கு இத்தனை கடல்மைல் என்று கிடைக்கும். 14 அடிக்கு ஏறக்குறைய 5 நாட், அதாவது மணிக்கு 9.3 கி.மீ. 12 அடி 6 அங்குலத்துக்கு 8.8 கி.மீ. பழைய 12'6" வகுப்பு ஒதுங்கி 14 அடி நிலைத்ததற்கு இந்த வித்தியாசமும் ஒரு காரணம். இது தாண்ட முடியாத சுவர் இல்லை. ரேஸ் போர்டு மாதிரி ஒல்லியான உடல் தாண்டிப் போகும், முன்னணி வீரர்கள் தட்டையான நீரில் 10-க்கு மேல் போகிறார்கள். ஆனால் நாமெல்லாம் இந்த 9-ஐச் சுற்றித்தான் மல்லுக்கட்டுகிறோம்.

இதில் கவனிக்க வேண்டியது, கணக்குக்கு வருவது தண்ணீரைத் தொடும் நீளம். தட்டைநீர் போர்டின் மூக்கு கத்தி மாதிரி செங்குத்தாக இறங்கும், 14 அடியும் நீரில் கிடக்கும். ஆல் வாட்டர் போர்டில் மூக்கும் வாலும் கொஞ்சம் மேலே வளைந்திருக்கும். நீரைத் தொடுவது 13.5 அடி என்று வைத்துக்கொண்டால் மேற்படி கணக்கில் 9.1 கி.மீ. வருகிறது. நீங்கள் உப்பங்கழியில் பார்த்த வித்தியாசத்தில் ஒரு பங்கு இதுதான். அகலம் மட்டும் இல்லை.

அகலத்திலும் விலைப்பட்டியலில் போடுவது மேல்தளத்தின் அகலம். நீர்மட்டத்தில் எவ்வளவு அகலம் என்பது விளிம்பின் வடிவத்தையும், முக்கியமாக உங்கள் எடையையும் பொறுத்தது. 68 கிலோ ஆளுக்கும் 90 கிலோ ஆளுக்கும் ஒரே 23 அங்குலம் ஒரே போர்டு ஆகாது. கனமானவர் ஏறினால் விளிம்பு இறங்கி, ஈரமாகும் பரப்பு கூடும். ‘எத்தனை அங்குலம்’ என்று கேட்பதற்கு முன்னால் ‘எத்தனை லிட்டர் கன அளவு, என் எடைக்கு அது எவ்வளவு இறங்கும்’ என்று கேட்க வேண்டும்.

இப்போது வேகத்தை நேரமாக மாற்றிப் பாருங்கள். வேகத்தைக் கூட்டத் தேவையான திறன், தோராயமாக வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. ஆகவே போர்டின் இழுவை 3 சதவீதம் குறைந்தால் அதே உழைப்புக்கு வேகம் 1 சதவீதம்தான் கூடும். 10 கி.மீ. தூரத்தை 70 நிமிடத்தில் முடிக்கிறவருக்கு அது 42 விநாடி. கடலில் ஒருமுறை விழுந்து, ஏறி, மறுபடி ஓட்டம் பிடிக்க எவ்வளவு போகும் என்று நீங்களே சொல்லுங்கள். விழாவிட்டாலும், ஆடும்போது துடுப்பைத் தாங்கலுக்கு வைக்கிறீர்களே, அந்த ஒவ்வொரு துடுப்புவீச்சும் முன்னே தள்ளாத வீச்சு. தட்டைநீரில் போர்டுக்குப் போர்டு மிச்சமாவது விநாடிக் கணக்கு. அலைநீரில் தப்பான போர்டால் போவது நிமிடக் கணக்கு.

கழிமுகம்:

அண்ணா, இது புரிகிறது. ஆனால் கோவளத்தில் அலை அப்படி ஒன்றும் பெரிதாக இல்லாத நாளிலும் 21.5 திணறுகிறது. அதுதான் புதிராக இருக்கிறது.

அலைவாய்:

பக்க அலை. அதுதான் விடை.

நம் கரை ஏறக்குறைய வடக்கு தெற்காகக் கிடக்கிறது. போட்டிப் பாதையைக் கரைக்கு இணையாகப் போடுவார்கள். அலை கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ வரும். அப்படியானால் போகும்போது வலது விலாவில், திரும்பும்போது இடது விலாவில். முழுப் போட்டியும் பக்க அலைதான். எதிரலையும் பின்னலையும் போர்டின் நீளத்தில் வருகின்றன, 14 அடி அதைச் சமாளிக்கும். பக்கத்தில் வரும் அலைக்கு உங்களிடம் இருப்பது வெறும் 21.5 அங்குலம். அலை உயரம் முழங்கால் அளவு இருந்தாலே போதும். முற்பகலில் கடற்காற்று ஏறிவிட்டால் குட்டி அலைகள் வேறு குறுக்கே சேர்ந்துகொள்ளும். அப்போது தாளம் என்று ஒன்று இருக்காது.

இந்த மாதிரி நீரில் போர்டில் நான் பார்ப்பது மூன்று.

விளிம்பு பெட்டி மாதிரி கனமாக இருந்தால், சாயும்போது அந்தப் பக்கத்தில் மிதப்பு திடீரென்று கூடித் தாங்கிப் பிடிக்கும். உருண்டையான விளிம்பு நேராக நிற்கும்போது சுகம், சாய்ந்தபின் அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஒரே அகலமுள்ள இரண்டு போர்டுகளில் ஒன்று நிம்மதியாகவும் மற்றது நரகமாகவும் இருப்பது இதனால்தான்.

இரண்டாவது, மூக்கின் மேற்புறம். தட்டைநீர் போர்டின் கத்தி மூக்கு அலைக்குள் நுழைந்தால் பக்கத் தண்ணீர் அதைப் பிடித்துத் திருப்பிவிடும். ஆல் வாட்டரில் மூக்கின் மேற்புறம் குவிந்து உருண்டிருக்கும். உள்ளே போனாலும் தண்ணீரை இரண்டு பக்கமும் வழித்துவிட்டு மேலே வரும். ஸ்டார்போர்டு நிறுவனத்தின் ஆல் ஸ்டார் என்ற ஆல் வாட்டருக்கும் ஸ்பிரிண்ட் என்ற தட்டைநீர் போர்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சொல்லாமலே புரியும்.

மூன்றாவது, குழிந்த தளம். நிற்கும் இடத்தைக் கீழே இறக்கினால் உங்கள் கனம் தாழ்ந்து உறுதி கூடும். அதனால்தான் இன்று குறுகிய போர்டில் நிற்கவே முடிகிறது. ஆனால் அந்தக் குழியில் தண்ணீர் நின்றால் லிட்டருக்கு ஒரு கிலோ. பத்து லிட்டர் நின்றால் இன்னொரு கார்பன் போர்டைச் சுமந்துகொண்டு போவதற்குச் சமம். வடிகால் துளை எத்தனை, எவ்வளவு பெரிது, ஓடும்போது வடிகிறதா நிற்கும்போது மட்டுமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

மிதவையைச் சுற்றித் திரும்புவதையும் மறக்க வேண்டாம். பின்னங்காலை வாலுக்குக் கொண்டுபோய், மூக்கைத் தூக்கித் திருப்ப வேண்டும். வால் ஊசியாக இருந்தால் அங்கே நிற்க இடமே இல்லை. நாலு மிதவை உள்ள டெக்னிக்கல் போட்டியில் அகலமான சதுர வாலுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப்போடுவேன்.

கார்பன்பைத்தியம்:

அப்போ பெரிய ஆளுங்க எல்லாம் ஏன் 21, 22-ல நிக்கிறாங்க?

அலைவாய்:

அவர்கள் போட்டிக்குப் போட்டி போர்டு மாற்றுகிறார்கள். உலகக் கேனோ சம்மேளனத்தின் சப் உலகப் போட்டியிலேயே 200 மீட்டர் ஸ்பிரிண்ட், டெக்னிக்கல், நெடுந்தூரம் என்று மூன்று உண்டு. 2019-இல் சிங்தாவோவில் தொடங்கியது, 2023-இல் பட்டாயாவில் நடந்தது. ஒருவரே மூன்றுக்கும் ஒரே போர்டோடு வருவார் என்று நினைக்கிறீர்களா? கழிமுகத்திடம் இருப்பது ஒரு போர்டுக்குக் காசு.

தீவுக்காரி:

ராமேசுவரத்திலிருந்து எழுதுகிறேன். எல்லாரும் பக்க அலையையே பேசுகிறீர்கள், பின்காற்றை யாரும் தொடவில்லையே.

இங்கே தீவின் இரண்டு பக்கமும் இரண்டு கடல். தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடா பக்கம் கொந்தளிக்கும், பாக் விரிகுடா பக்கம் கரையோரத்தில் கண்ணாடி மாதிரி கிடக்கும். வாடை வந்தால் அப்படியே தலைகீழ். பாம்பனுக்கு அந்தப் பக்கம் ஒரு நாள், இந்தப் பக்கம் ஒரு நாள் என்று ஒரே வாரத்தில் இரண்டையும் ஓட்டலாம். போர்டை ஒப்பிட இதைவிட நல்ல இடம் நம் கரையில் இல்லை என்பது என் எண்ணம். ஊர்ப்பாசம் என்றாலும் பரவாயில்லை.

பின்காற்றில் வேகம் உங்கள் கையில் இல்லை, அலையின் கையில் இருக்கிறது. ஆழமான நீரில் அலையின் வேகம், அது வரும் இடைவெளியை விநாடியில் எடுத்து 1.56-ஆல் பெருக்கினால் விநாடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். 2 விநாடி அலை மணிக்கு 11 கி.மீ. வேகத்தில் ஓடும், முகட்டுக்கு முகடு 6 மீட்டர். 3 விநாடி அலை கிட்டத்தட்ட 17 கி.மீ., முகட்டுக்கு முகடு 14 மீட்டர். நம் போர்டு 4.27 மீட்டர் நீளம். 6 மீட்டர் அலையில் மூக்கு முன்னலையின் முதுகில் குத்திக்கொண்டே இருக்கும். அங்கே மூக்கு வளைந்த போர்டு இல்லாமல் அலைபிடிக்கவே முடியாது. 14 மீட்டர் அலையில் இடம் தாராளம், ஆனால் ஏறிக்கொள்ள ஒரு நொடிப் பாய்ச்சல் வேண்டும். பாய்ச்சலில் குறுகிய போர்டு நன்றாகக் கிளம்பும், கிளம்பியபின் சறுக்கிக்கொண்டு போக அடிப்பக்கம் தட்டையாகவும் கொஞ்சம் அகலமாகவும் இருந்தால்தான் நிற்கும். அடி உருண்டையான தட்டைநீர் போர்டு அலை கிடைத்தாலும் கீழே உட்கார்ந்துவிடும்.

ஹவாயில் மொலோக்காயிலிருந்து ஓவாஹு வரை 32 மைல் கடக்கும் போட்டிக்கு 14 அடியோடு நிற்காமல், காலால் திருப்பும் சுக்கானோடு 17 அடிக்கு மேல் போர்டு செய்தார்கள். எஸ்.ஐ.சி. நிறுவனத்தின் புல்லட் 17'4" அந்த ரகம். அங்கே பெருங்கடல் அலை, நீளமான இடைவெளி. அந்தப் போர்டை நம் குட்டி அலையில் இறக்கினால் இரண்டு முகட்டுக்கு நடுவே பாலம் போட்டுக்கொண்டு நிற்கும். இப்போது அங்கேயே ஃபாயில் (நீருக்கடியில் இறக்கை வைத்துப் பலகையை மேலே தூக்கும் வகை) வந்து எல்லாப் பலகையையும் பின்னுக்குத் தள்ளிவிட்டது, அது வேறு கதை.

மூணாவதுமாடி:

நான் வேறு கட்சி. லிஃப்ட் இல்லாத வீட்டில் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். 14 அடிப் பலகையைப் படிக்கட்டில் திருப்பிக் காட்டுங்கள், நாளைக்கே வாங்கிக்கொள்கிறேன். காற்றடைத்ததை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் பாதிப் பேர் அதைச் சரியாகக் காற்றடித்து ஓட்டியதில்லை. உலகப் போட்டியிலேயே அதற்கென்று தனிப்பிரிவு வைத்திருக்கிறார்கள்.

அலைவாய்:

தனிப்பிரிவு வைத்ததே மற்றதோடு ஓட முடியாது என்பதால்தானே? 15 செ.மீ. தடிமன், மழுங்கிய விளிம்பு, மேலே நிற்கும் ஆள், பக்கக் காற்றுக்கு நல்ல பாய். நடுவில் வளைந்தும் கொடுக்கும்.

மூணாவதுமாடி:

வளைவதில் பாதி காற்றுக்குறைவு. கழிமுகம், உங்கள் பழைய போர்டைக் கழிப்பதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். கரையில் வெயிலில் பம்ப் அடித்து 15 பி.எஸ்.ஐ. என்று முள் காட்டும். பம்ப் அடிக்கும்போதே காற்று சூடேறும், போதாததற்கு மணல் சூடு. உள்ளே 45 டிகிரி என்று வையுங்கள். 29 டிகிரித் தண்ணீரில் போட்டுக் கொஞ்சநேரம் ஆனால் அதே காற்று 13.5-க்கு இறங்கிவிடும். நீங்கள் போட்டி முழுக்க ஓட்டியது அந்தத் தளர்ந்த போர்டை. நீரில் போட்டு ஆறவிட்டு, மறுபடி ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். திரும்பி வந்ததும் மறக்காமல் காற்றை இறக்கிவிட வேண்டும். வெயிலில் அப்படியே விட்டால் தையல் பிரியும்.

நீவாடு:

இது நல்ல குறிப்பு. இந்தக் கணக்கை எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை.

ஃப்ரீஸ்லாந்துகாரன்:

நெதர்லாந்தில் இருக்கிறேன், நான் ஓட்டுவது கடலில் இல்லை, கால்வாயில்தான். ஃப்ரீஸ்லாந்தில் 11 ஊர்களைச் சுற்றி 220 கி.மீ. ஓட்டும் போட்டி ஒன்று நடக்கும், ஐந்து நாள் பகுதி பகுதியாக. தட்டைநீர் போர்டின் தாய்வீடு என்று சொல்லலாம். இங்கே பழகியதிலிருந்து ஒரு சந்தேகம். கழிமுகம் உப்பங்கழியில் எடுத்த வேகங்களை எவ்வளவு நம்பலாம்? கால்வாயில் நடுவில் ஓட்டிவிட்டு ஓரத்துக்கு வந்தால் ஈரமணலில் சைக்கிள் மிதிப்பது போல் ஆகிவிடும். போர்டு மாறவில்லை, ஆழம்தான் மாறியது.

நீவாடு:

சரியான இடத்தில் கை வைத்தீர்கள்.

ஆழம் குறைந்த நீரில் அலை ஓடக்கூடிய வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஆழத்தை 9.8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் விநாடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். 1 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு 11.3 கி.மீ., 70 செ.மீ. ஆழத்தில் 9.4 கி.மீ. அந்த எல்லையை நெருங்க நெருங்க நாம் எழுப்பும் அலை நம்மை விட்டு விலகிப் போக முடியாமல் கூடவே குவியும், வால் கீழே இறங்கும், இழுவை தாறுமாறாக ஏறும். அதாவது நாம் போட்டி போடும் வேகத்திலேயே 70 செ.மீ. ஆழத்தில் எல்லையைத் தொட்டுவிடுகிறோம்.

முட்டுக்காடு ஆழம் குறைந்த இடம். முகத்துவாரம் திறந்திருந்தால் ஓதம் (கடல் ஏற்றவற்றம்) ஏறி இறங்கும், மணல்திட்டு அடைத்துக்கொண்டால் தேங்கி நிற்கும். படகுத்துறைப் பக்கம் விசைப்படகு வேறு. ஒரு போர்டை ஏற்றத்திலும் இன்னொன்றை இறக்கத்திலும் ஓட்டிவிட்டு எது வேகம் என்று சொன்னால், நாம் அளந்தது ஓதத்தைத்தான். கோவளத்திலும் இதே கதை. கரையோர நீவாடு (நீரோட்டம்) தென்மேற்குப் பருவத்தில் வடக்கே இழுக்கும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. அரை கி.மீ. வேக நீரோட்டம் இருந்தாலே, போர்டுகளுக்கு இடையில் நாம் தேடுகிற வித்தியாசத்தைவிட அது பெரிது.

கழிமுகம்:

அப்படியானால் எப்படித்தான் ஒப்பிடுவது?

நீவாடு:

கடிகாரத்தை விட்டுவிட்டு ஆளை வைத்து ஒப்பிடுங்கள். ஏறக்குறைய ஒரே வேகமுள்ள இரண்டு பேர், இரண்டு போர்டு, ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில். ஒருவர் பின்னால் ஒருவர் போகக்கூடாது, பின்னால் வருகிறவருக்கு முன்னவரின் அலை இலவசமாகக் கிடைத்துவிடும். பத்து நிமிடம் ஓட்டி எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். உடனே போர்டை மாற்றிக்கொண்டு மறுபடி. போகவும் வரவும் இரண்டு திசையிலும். இதயத்துடிப்பு ஒரே அளவில் இருக்கட்டும். நீரோட்டம், காற்று, ஆழம் எல்லாம் இருவருக்கும் பொதுவாகிவிடும். அதே சோதனையை ஒருமுறை காலை உப்பங்கழியில், ஒருமுறை முற்பகல் கடலில்.

இதை நாங்கள் ஒரு கூட்டமாகச் செய்திருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான் வந்தது. கழியில் குறுகலான போர்டு முன்னால், ஆனால் நினைத்த அளவு இல்லை. கடலில் அகலமானது முன்னால், நினைத்ததைவிட அதிகம். கடைசி இருபது நிமிடத்தில் கால் களைத்தபின் இடைவெளி இன்னும் விரியும்.

தீவுக்காரி:

கூடவே ஃபின்னையும் (போர்டின் அடியில் மாட்டும் துடுப்புச் செதில்) ஒரே மாதிரி மாட்டுங்கள். நிறைய பேர் போர்டைக் குறை சொல்லும்போது குற்றவாளி அடியில் இருக்கும். கடலுக்குப் பரப்பு கூடிய ஃபின், உறுதி தரும். கழிக்கு மெல்லியது. பாசியும் ஆகாயத்தாமரையும் உள்ள இடத்தில் நன்றாகப் பின்னுக்குச் சரிந்த ஃபின் இல்லையென்றால் செடியை இழுத்துக்கொண்டே ஊர் சுற்ற வேண்டும்.

கார்பன்பைத்தியம்:

சரி, சரி. ஆனா ஒண்ணு. அகலமா வாங்கிட்டா அப்புறம் முன்னேறவே மாட்டீங்க. குறுகலா வாங்கினா ஒரு வருஷத்துல கால் பழகிடும். நான் அப்படித்தான் வந்தேன்.

அலைவாய்:

அதில் பாதி உண்மை. தினமும் கடலில் ஏறுகிறவருக்குக் கால் பழகும். வாரம் ஒருமுறை கடல் பார்க்கிறவருக்குப் பழகுவதற்குள் போர்டு விற்பனைக்கு வந்துவிடும். செகண்ட் ஹேண்டில் வருகிற 21.5 எல்லாம் எங்கிருந்து வருகின்றன என்று நினைக்கிறீர்கள்?

அப்புறம், இந்தியாவில் போட்டி எங்கே நடக்கிறது என்று பாருங்கள். 2024 மார்ச்சில் உலகச் சுற்றுப் போட்டி முதல்முறையாக இந்தியா வந்தபோது மங்களூர் பக்கம் சசிஹித்லு கடற்கரையில்தான் நடந்தது. தேசியப் போட்டிகளும் பெரும்பாலும் கடற்கரையில்தான். நம் சப் வீரர் சேகர் பச்சை மாதிரி ஆட்கள் வளர்ந்ததும் கடலில்தான். ஏரியில் போட்டி நடக்கும் நாட்டுக்காரர்கள் சொல்லும் அறிவுரையை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள முடியாது.

ஃப்ரீஸ்லாந்துகாரன்:

கால்வாய்க்காரன் நானே வழிமொழிகிறேன். இங்கே 21.5 வாங்குங்கள், அங்கே வேண்டாம்.

கழிமுகம்:

முடிவுக்கு வருகிறேன். 14 அடி ஆல் வாட்டர், 23.5 அல்லது 24, பெட்டி விளிம்பு, சதுர வால், 68 கிலோவுக்கு ஏற்ற கன அளவு. கழியில் கொஞ்சம் இழந்தாலும் பரவாயில்லை, அங்கே பயிற்சிதானே. காற்றடைத்ததை விற்கவில்லை, பயணத்துக்கு வைத்துக்கொள்கிறேன். பழைய ஆல் வாட்டர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்குவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

நீவாடு:

குழிந்த தளமும் விளிம்பும் சேரும் மூலையில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தளத்தைத் தட்டிக்கொண்டே போங்கள், சத்தம் ஓரிடத்தில் மந்தமானால் உள்ளே தண்ணீர் போயிருக்கலாம். எடை போட்டுப் பாருங்கள், சொன்ன எடையைவிட ஒரு கிலோ கூடினாலும் விட்டுவிடுங்கள். ஃபின் பெட்டியைச் சுற்றி மயிரிழை விரிசல் இருந்தால் விலை குறையும், குறைத்துக் கேளுங்கள்.

அலைவாய்:

ஞாயிறு காலை கோவளத்துக்கு வாங்க, என்னிடம் 23 இருக்கிறது. நீவாடு அண்ணன் சொன்ன மாதிரி மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் காசைக் கொடுங்கள்.

கழிமுகம்:

வருகிறேன் அண்ணா. கிளப்பின் 21.5-ஐயும் எடுத்து வருகிறேன். கார்பன்பைத்தியமும் வந்தால் அவருக்கு அதைக் கொடுத்துவிடலாம்.

கார்பன்பைத்தியம்:

வர்றேன். ஃபின் ஸ்க்ரூ ஒண்ணு எக்ஸ்ட்ரா எடுத்துட்டு வாங்க, கிளப் போர்டுல எப்பவும் அது காணாமப் போயிருக்கும்.